‘டு’ வந்தால் ‘இங்’ வரக்கூடாதா? ஆங்கிலத் தொழிற்பெயர் பற்றி ஒரு விவாதம்

கொக்குவில் தாய் எழுதியது:

மகள் இந்த வருடம் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுகிறாள். கடிதப் பயிற்சி ஒன்றின் கடைசி வரியில் ‘ஐ லுக் ஃபோர்வர்ட் டு சீயிங் யூ’ என்று எழுதியிருந்தாள். ரியூசன் ஆசிரியர் ‘சீயிங்’ என்பதைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டு ‘சீ’ என்று திருத்தியிருக்கிறார். ‘டு’ வந்தால் பின்னால் வெறும் வினைதான் வரும், ‘இங்’ ஒட்டவே ஒட்டாது என்பது அவர் சொல்லும் விதி. மகளோ பாடசாலையில் ரீச்சர் அப்படித்தான் எழுதித் தந்தார் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் வங்கிப் படிவம் நிரப்பும் அளவுக்குத்தான். யாராவது விளங்கும்படி சொல்லுங்கள். அந்த ஆசிரியர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள். பிள்ளைகளுக்காக உண்மையாகவே உழைக்கிறவர்.

வடமராட்சியான் எழுதியது:

மகள் எழுதியதுதான் சரி, அக்கா.

ஆங்கிலத்தில் ‘டு’ இரண்டு வேலை பார்க்கிறது. ‘ஐ வொன்ட் டு கோ’ என்பதில் வருவது வினையோடு சேர்ந்தே வரும் ‘டு’. ‘ஐ வென்ட் டு ஜாஃப்னா’ என்பதில் வருவது முன்னிடைச்சொல், அதாவது பிரெப்பொசிஷன். நம்முடைய நான்காம் வேற்றுமை ‘கு’ மாதிரி. முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் பெயர்ச்சொல்தான் வர முடியும். அந்த இடத்தில் ஒரு வினையை வைக்க வேண்டுமென்றால் அதற்கு ‘இங்’ சேர்த்துப் பெயராக்க வேண்டும்.

எந்த ‘டு’ என்று கண்டுபிடிக்க எளிய வழி: பின்னால் ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபோர்வர்ட் டு யுவர் ரிப்ளை’ சரியாக வருகிறதா? வருகிறது. அப்படியென்றால் அது முன்னிடைச்சொல். ‘சீயிங்’ தான் வேண்டும். ‘ஐ வொன்ட் டு யுவர் ரிப்ளை’ என்று யாராவது சொல்வார்களா? சொல்லமாட்டார்கள். ஆகவே அங்கே ‘வொன்ட் டு சீ’. ‘ஒப்ஜெக்ட் டு’, ‘இன் அடிஷன் டு’, ‘வென் இட் கம்ஸ் டு’ எல்லாவற்றுக்கும் இதே சோதனை போதும்.

இணுவில் சோதி எழுதியது:

இவ்வளவு விளக்கமும் பரீட்சை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு இப்போது தேவை பட்டியல். என்ஜோய், அவொயிட், ஃபினிஷ், மைண்ட், சஜஸ்ட், டினை, அட்மிட், பிராக்டிஸ், கன்சிடர், மிஸ், ரிஸ்க், போஸ்ட்போன் முதலியன: இவற்றுக்குப் பின்னால் ‘இங்’. வொன்ட், டிசைட், ஹோப், ரெஃபியூஸ், அக்ரீ, பிராமிஸ், மனேஜ், எக்ஸ்பெக்ட், ஒஃபர், நீட் முதலியன: இவற்றுக்குப் பின்னால் ‘டு’. கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்து, காலையில் பல் துலக்கும்போது ஒரு தடவை, படுக்கும்போது ஒரு தடவை. வாய்ப்பாடு மாதிரி. நான் அப்படித்தான் படித்தேன், என் மாணவர்களும் அப்படித்தான் படிக்கிறார்கள். புள்ளி வருகிறது.

மானிப்பாய் மாஸ்ரர் எழுதியது:

சோதி, பட்டியலை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பட்டியலை மட்டும் மனனம் செய்த பிள்ளை ‘ஸ்டொப்’ என்ற சொல்லைக் கண்டதும் நடுவீதியில் நின்றுவிடும். அது இரண்டு பட்டியலுக்கும் உரியது.

‘ஹீ ஸ்டொப்ட் ஸ்மோக்கிங்’, ‘ஹீ ஸ்டொப்ட் டு ஸ்மோக்’. இரண்டையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். புகைப்பதை நிறுத்தினான், புகைக்க நின்றான். ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இந்த இரண்டும் ஒன்றென்று யாராலும் ஏமாற்ற முடியாது. ‘புகைப்பது’ தொழிற்பெயர், ஒரு செயலைப் பொருள் மாதிரி எடுத்து ‘ஐ’ உருபு மாட்டியிருக்கிறோம். ‘புகைக்க’ என்பது செய என்னும் வாய்பாட்டு வினையெச்சம். இன்னும் நடக்காத ஒன்றை நோக்கிக் கை நீட்டுகிறது. ஆங்கிலக்காரர் ஜெரண்ட் என்று சொல்வது முதலாவது, இன்ஃபினிட்டிவ் என்று சொல்வது பெரும்பாலும் இரண்டாவது. நாற்பது வினைகளை மனனம் செய்வதற்கு முன்னால், வாயில் ஏற்கெனவே இருக்கும் இந்த வேறுபாட்டைப் பிள்ளைக்குக் காட்டினால் என்ன?

இன்னும் சில. கதவைப் பூட்ட மறந்துவிட்டேன்: ‘ஐ ஃபொர்கொட் டு லொக் த டோர்’. பூட்டவே இல்லை. முதன்முதலில் கடலைப் பார்த்ததை மறக்கமாட்டேன்: ‘ஐ வில் நெவர் ஃபொர்கெட் சீயிங் த சீ’. பார்த்தாயிற்று. தமிழில் ‘பார்த்ததை’ என்று இறந்தகாலமே வந்து உட்கார்ந்துகொண்டு விடயத்தைச் சொல்லிவிடுகிறது. ‘ரிமெம்பர்’ இப்படியேதான். மருந்து குடித்தது ஞாபகம் இருக்கிறது என்றால் ‘டேக்கிங்’. மருந்து குடிக்க ஞாபகம் வைத்துக்கொள் என்றால் ‘டு டேக்’.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ட்ரை’. கதவைத் திறக்க முயன்றேன், அது அசையவில்லை: ‘ஐ ட்ரைட் டு ஓப்பன் த டோர்’. அறை புழுக்கமாக இருந்தது, கதவைத் திறந்து பார்த்தேன், அப்போதும் காற்று வரவில்லை: ‘ஐ ட்ரைட் ஓப்பனிங் த டோர்’. முதலாவதில் கதவு திறக்கவில்லை. இரண்டாவதில் திறந்தது, பலன்தான் இல்லை. ‘செய்து பார்’ என்ற நம்முடைய துணைவினை ஆங்கிலத்தின் ‘ட்ரை டூயிங்’ என்பதோடு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதை ஏன் ஒரு ரியூட்டரியிலும் சொல்வதில்லை?

கொக்குவில் தாய் எழுதியது:

மாஸ்ரர், இதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். உடனே ஒரு கேள்வி கேட்டாள். சோதி ஐயாவின் பட்டியலில் ‘டினை’ ஒரு பக்கம், ‘ரெஃபியூஸ்’ மறுபக்கம் இருக்கின்றன. தமிழில் இரண்டும் ‘மறுத்தான்’ தானே? ஒரே சொல்லுக்கு ஏன் இரண்டு விதி என்கிறாள்.

மானிப்பாய் மாஸ்ரர் எழுதியது:

தங்கச்சி, உங்கள் மகளுக்கு என் பாராட்டு. நான் தேடினாலும் இதைவிட நல்ல உதாரணம் கிடைத்திருக்காது.

மறு என்ற வினை ஒன்றுதான். ஆனால் அதற்கு முன்னால் வருவதைப் பாருங்கள். திருடியதை மறுத்தான். பேச மறுத்தான். முதலாவதில் தொழிற்பெயர், ‘ஹீ டினைட் ஸ்டீலிங்’. இரண்டாவதில் எச்சம், ‘ஹீ ரெஃபியூஸ்ட் டு ஸ்பீக்’. ஆங்கிலம் வினையையே இரண்டாக்கி வைத்திருக்கிறது. நாம் ஒரே வினையை வைத்துக்கொண்டு முன்னால் உள்ள வடிவத்தால் பிரிக்கிறோம். பிள்ளையிடம் ‘திருட மறுத்தான்’ என்றால் என்ன பொருள் என்று கேளுங்கள். அவன் திருடனே இல்லை, திருடச் சொன்னபோது முடியாது என்றவன். ‘ஹீ ரெஃபியூஸ்ட் டு ஸ்டீல்’. ஒரு வடிவம் மாறியதும் குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் நல்லவனாகிவிடுகிறான்.

ஸ்காபரோ அக்கா எழுதியது:

இங்கே கனடாவில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்பில் உதவியாளராக இருக்கிறேன். வருபவர்களில் நம்மவர்களும் உண்டு. மாஸ்ரர் சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் அந்தப் பாலம் எல்லா இடத்திலும் போடப்படவில்லை. போடாத இடத்தையும் சொல்லாவிட்டால் பிள்ளைகள் தண்ணீரில் விழும்.

புத்தகத்தை வாசித்து முடித்தேன். இங்கே தொழிற்பெயரும் இல்லை, செய எச்சமும் இல்லை. ‘வாசித்து’ என்ற இறந்தகால வினையெச்சம். ஆங்கிலத்தில் ‘ஃபினிஷ்ட் ரீடிங்’. பேசிக்கொண்டே இருந்தான் என்பது ‘கெப்ட் டோக்கிங்’. படத்துக்குப் போகலாம் என்று சொன்னாள் என்பது ‘சஜஸ்டட் கோயிங்’. நீந்திப் பழகினேன் என்பது ‘பிராக்டிஸ்ட் சுவிம்மிங்’. இவற்றில் தமிழ் வடிவம் எதையும் காட்டிக்கொடுக்காது. எங்கள் வகுப்பில் அதிகம் கேட்கும் பிழை ‘சஜஸ்டட் டு கோ’. தமிழில் ‘போகச் சொன்னாள்’ என்ற ஓசை காதில் இருப்பதால் வருகிறது என்று நினைக்கிறேன். ‘போகச் சொன்னாள்’ என்பது ‘டோல்ட் மீ டு கோ’, கட்டளை. ‘சஜஸ்ட்’ யோசனை. இரண்டையும் குழப்பினால் மேலதிகாரிக்கு நீங்கள் கட்டளையிட்டதாகிவிடும்.

ஆகவே என் கருத்து: மாஸ்ரரின் வழியை முதலில் காட்டுங்கள். அதில் அடங்காத வினைகளுக்கு மட்டும் சோதியின் பட்டியல். பட்டியல் நாற்பதிலிருந்து பத்துப் பன்னிரண்டாகச் சுருங்கிவிடும். அவ்வளவு மனனம் யாருக்கும் பாரமில்லை.

இணுவில் சோதி எழுதியது:

கடைசியில் என்னுடைய பட்டியலிடம்தான் வந்தீர்கள்.

திருநெல்வேலி மாணவன் எழுதியது:

பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கிறேன். ஒரு நெருடலைச் சொல்லியாக வேண்டும். மாஸ்ரர் ‘புகைப்பது’, ‘பார்த்தது’ ஆகியவற்றைத் தொழிற்பெயர் என்கிறார். தொழிற்பெயர் காலம் காட்டாது என்றுதான் பாடசாலையில் படித்தோம். வாசித்தல், ஆடல், வரவு, பார்வை, கல்வி: இவற்றில் காலம் இல்லை. ‘பார்த்தது’ காலம் காட்டுகிறதே? அதை வினையாலணையும் பெயர் என்று சொல்ல வேண்டாமா?

மானிப்பாய் மாஸ்ரர் எழுதியது:

தம்பி, நல்ல இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். பாடசாலை விதி பெரும்பான்மை பற்றியது. தொழிற்பெயர் விகுதிகளின் வரிசையில் ‘தல்’, ‘அல்’ தொடங்கிக் கடைசியில் ‘மை’, ‘து’ என்று இரண்டு இருக்கின்றன. அவை காலம் காட்டும் சொல்லோடும் சேரும்: நடந்தமை, நடந்தது.

‘வந்தது’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் வந்தது என்றால் வினைமுற்று. கடைசியாக வந்ததைப் பிடித்தேன் என்றால் வந்த பஸ்ஸைச் சுட்டுகிறது. அது வினையாலணையும் பெயர். பஸ் வந்தது எனக்குத் தெரியாது என்றால் வருகை என்ற நிகழ்ச்சி, அது தொழிற்பெயர். எழுத்தில் ஓர் அணுவும் மாறவில்லை. வேலைதான் மாறியது.

ஆங்கில ‘இங்’ படுத்தும் பாடும் இதுவேதான். ‘த பஸ் இஸ் கமிங்’ என்பதில் வினையின் பகுதி. ‘த கமிங் பஸ்’ என்பதில் பெயரை விசேடிக்கிறது. நமது பெயரெச்சத்துக்குக் கிட்ட. ‘கமிங் பை பஸ் இஸ் சீப்பர்’ என்பதில் எழுவாயாக நிற்கும் பெயர். முகத்தைப் பார்த்து இனம் காண முடியாது. அது வாக்கியத்தில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ‘வந்தது’ என்பதை மூன்று விதமாகப் புரிந்துகொள்ளும் மூளைக்கு ‘கமிங்’ எம்மாத்திரம்?

பண்ணைக்காரன் எழுதியது:

மாஸ்ரர், அப்படியென்றால் யாழ்ப்பாண ரயில் நிலையத்தில் இருக்கும் ‘வெயிட்டிங் ரூம்’ எந்த வகை? அறை காத்துக்கொண்டிருக்கிறதா?

வடமராட்சியான் எழுதியது:

காத்திருப்பது நாங்கள்தான் அண்ணா. ரயில் தாமதமானால் நீண்ட நேரம்.

‘வெயிட்டிங் ரூம்’ காத்திருப்பதற்கான அறை. அதனால் ‘வெயிட்டிங்’ அங்கே பெயர். ‘வெயிட்டிங் பாசெஞ்சர்ஸ்’ என்றால் காத்திருக்கும் பயணிகள். அது பெயரெச்சம் மாதிரி. ‘சுவிம்மிங் பூல்’ நீந்துவதில்லை, ‘சுவிம்மிங் போய்’ நீந்துகிறான். தமிழில் ஒன்றுக்கு ‘-வதற்கான’, மற்றதற்கு ‘-கிற’ அல்லது ‘-உம்’ என்று போட்டால் தெரிந்துவிடும். உச்சரிப்பிலும் வித்தியாசம் உண்டு. ‘வெயிட்டிங் ரூம்’ என்பதில் அழுத்தம் முதற்சொல்லில் விழும். ‘வெயிட்டிங் பாசெஞ்சர்ஸ்’ என்பதில் இரண்டாவது சொல்லும் அழுத்தம் பெறும்.

நூலகத்து ‘ரீடிங் ரூம்’, கல்யாண மண்டபத்து ‘டைனிங் ஹோல்’, கடைத்தெருவில் காணும் ‘பார்க்கிங்’, ‘பிரிண்டிங்’, ‘டைலரிங்’ எல்லாம் பெயர்தான்.

மல்லாகத்தான் எழுதியது:

எனக்கு இந்த முழு உரையாடலிலும் ஒரு சந்தேகம். தமிழ் இலக்கணத்தை வைத்து ஆங்கில இலக்கணம் சொல்லிக் கொடுக்கிறோம் என்கிறீர்கள். இன்றைய பிள்ளைக்கு வினையாலணையும் பெயர் என்றால் என்னவென்று தெரியுமா? தெரியாத ஒன்றை வைத்துத் தெரியாத இன்னொன்றை விளக்குவது எந்த ஊர் நியாயம்? அதைவிட நேரடியாக ஆங்கிலத்திலேயே நிறைய வாசிக்கக் கொடுத்தால் காது தானாகப் பழகும். இலக்கணப் பெயர்கள் ஆசிரியர்களுக்குத்தான் தேவை, பிள்ளைகளுக்கு இல்லை.

மானிப்பாய் மாஸ்ரர் எழுதியது:

பெயர்கள் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். புகைப்பதை நிறுத்தினான், புகைக்க நின்றான் என்ற இரண்டையும் பிரித்தறிய எந்தப் பிள்ளைக்கும் இலக்கணப் பெயர் வேண்டியதில்லை. அந்த உணர்வை ஆங்கில வாக்கியத்துக்கு நேரே கொண்டுபோய் நிறுத்துவதுதான் ஆசிரியரின் வேலை.

ஆனால் தமிழை வெளியே நிறுத்திவிட்டு ஆங்கிலம் கற்பித்தால்தான் ஆங்கிலம் வரும் என்ற எண்ணம் நமது ஊரின் வரலாற்றுக்கே பொருந்தாது. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் தொடங்கிய செமினரியில் ஆங்கிலத்தோடு தமிழ் இலக்கண இலக்கியமும் படிப்பித்தார்கள். அங்கே படித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரானார். பின்னர் தொல்காப்பிய உரைகளை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். ஒரு மொழி மற்றதற்கு இடைஞ்சலாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

வாசிப்பு வேண்டும் என்பதில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை. வீட்டில் ஆங்கிலப் பத்திரிகை வராத பிள்ளைக்கு ‘காது பழகும்’ என்று சொல்லிவிட்டுப் போவதில்தான் சண்டை.

மல்லாகத்தான் எழுதியது:

கடைசி வரி நியாயமானது. மற்றதில் நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன்.

ஐஇஎல்டிஎஸ் அவதி எழுதியது:

சாதாரண தரத்தை விடுங்கள், நான் வெளிநாட்டுப் படிப்புக்காக ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சை எழுதப் போகிறேன். கட்டுரையில் என் வாக்கியங்கள் எல்லாம் ‘பீப்பிள்’, ‘தே’ என்றே தொடங்குகின்றன. செயலையே எழுவாயாக வைத்து எழுதுங்கள் என்று பயிற்றுநர் சொல்கிறார். எப்படி என்று அவர் காட்டவில்லை. இன்னொன்று: ‘த குவிக் லேர்னிங் இங்கிலிஷ்’ என்று எழுதியதைப் பிழை என்றார். ஏன் பிழை?

மானிப்பாய் மாஸ்ரர் எழுதியது:

இரண்டாவது கேள்வியில்தான் சாரம் இருக்கிறது. அதை முதலில் எடுக்கிறேன்.

தொழிற்பெயருக்கு இரண்டு குணம். வெளியே பெயர், உள்ளே வினை. ‘ஆங்கிலத்தை விரைவாகக் கற்றல்’ என்று பாருங்கள். ‘கற்றல்’ பெயர்தான்; ‘கற்றலுக்கு’, ‘கற்றலால்’ என்று உருபு ஏற்கும். ஆனாலும் ‘ஆங்கிலத்தை’ என்ற செயப்படுபொருளையும் ‘விரைவாக’ என்ற வினையடையையும் வினை மாதிரியே கூட வைத்திருக்கிறது. ‘கல்வி’ என்றால் அந்த வினைக்குணம் போய்விட்டது. ‘ஆங்கிலத்தை விரைவாகக் கல்வி’ என்று யாரும் சொல்வதில்லை; ‘விரைவான ஆங்கிலக் கல்வி’ என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆங்கிலத்திலும் அப்படியே. ‘லேர்னிங் இங்கிலிஷ் குவிக்லி’ சரி. உள்ளே வினை உயிரோடு இருக்கிறது. ‘த குவிக் லேர்னிங் ஒஃப் இங்கிலிஷ்’ சரி. அங்கே அது முழுப் பெயராகிவிட்டது, அதனால் முன்னால் ‘த’, பெயரடை ‘குவிக்’, பொருளை இணைக்க ‘ஒஃப்’. தம்பி இரண்டையும் பாதிப் பாதி வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள். ‘த’, ‘குவிக்’ இரண்டும் போட்டால் ‘ஒஃப்’ வராமல் தப்ப முடியாது. எதிர்மறையும் வினைக்குணத்தால் வருவதே: ‘நொட் கோயிங்’. நம்முடைய ‘செல்லாமை’ அதுதான். முடிந்துபோன செயலைக் காட்ட வேண்டுமென்றால் ‘ஹேவிங் லேர்ண்ட்’. நாம் ‘கற்றமை’, ‘கற்றது’ என்கிறோம்.

முதற் கேள்விக்கு ஸ்காபரோ அக்கா பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஸ்காபரோ அக்கா எழுதியது:

சொல்கிறேன் மாஸ்ரர்.

தம்பி, ‘பீப்பிள் வோக் டு வேர்க் அன்ட் தே சேவ் மணி’ என்று எழுதியிருப்பீர்கள். அதையே ‘வோக்கிங் டு வேர்க் சேவ்ஸ் மணி’ என்று எழுதுங்கள். வேலைக்கு நடந்து போவது பணத்தை மிச்சப்படுத்துகிறது. மனிதர்களை வாக்கியத்திலிருந்து இறக்கிவிட்டோம், செயல் முன்னுக்கு வந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: எழுவாய் ஒருமை. ‘வோக்கிங் லோங் டிஸ்டன்சஸ் ஆர்’ என்று எழுதிவிடாதீர்கள். ‘டிஸ்டன்சஸ்’ பன்மையாகப் பக்கத்தில் நின்று ஆசை காட்டும். எழுவாய் ‘வோக்கிங்’, ஆகவே ‘இஸ்’.

முன்னிடைச்சொல்லோடு தொடங்குவதும் நல்ல வழி. ‘பை ரீடிங்’ வாசிப்பதன் மூலம். ‘பிஃபோர் ரீடிங்’ வாசிப்பதற்கு முன். ‘ஆஃப்டர் ரீடிங்’ வாசித்த பிறகு. ‘வித்தவுட் ரீடிங்’ வாசிக்காமல். தமிழில் நான்கும் நான்கு வடிவம், ஆங்கிலத்தில் நான்குக்கும் ‘ரீடிங்’ ஒன்றுதான். இதில் நமக்கு வேலை குறைவு. ஆனால் வாசித்தவர் யாரோ அவரே அடுத்த பகுதியின் எழுவாயாக இருக்க வேண்டும். ‘ஆஃப்டர் ரீடிங் த புக், த லைட் வென்ட் அவுட்’ என்றால் புத்தகத்தை வாசித்தது மின்விளக்கு.

திருநெல்வேலி மாணவன் எழுதியது:

முன்னிடைச்சொல் பற்றி ஒன்று. வடமராட்சியான் அண்ணா ‘கு’ உருபையும் ‘டு’வையும் இணைத்தார். அதிகாலையில் எழும்புவதற்குப் பழகிவிட்டேன் என்றால் ‘ஐ அம் யூஸ்ட் டு கெட்டிங் அப் ஏர்லி’. ‘கு’ இருக்கிறது, ‘இங்’ வருகிறது, பொருந்துகிறது. ஆனால் படிப்பதற்கு வந்தேன் என்றால் ‘ஐ கேம் டு ஸ்டடி’. இங்கேயும் ‘கு’ இருக்கிறது, ‘இங்’ வரவில்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வடமராட்சியான் எழுதியது:

நோக்கத்தைச் சொல்லும் ‘-வதற்கு’ என்றால் அதை ‘படிக்க வந்தேன்’ என்று மாற்றிப் பாருங்கள். பொருள் மாறாமல் மாறினால் இன்ஃபினிட்டிவ். ‘எழும்புவதற்குப் பழகிவிட்டேன்’ என்பதையும் ‘எழும்பப் பழகிவிட்டேன்’ என்று சொல்ல முடியும் என்று நீங்கள் அடுத்து எழுதுவீர்கள், தெரியும். அங்கே பழைய பெயர்ச்சொல் சோதனைதான் தீர்ப்பு: ‘ஐ அம் யூஸ்ட் டு த ஹீட்’ சரியாக நிற்கிறது, ஆகவே ‘கெட்டிங்’. ‘ஐ யூஸ்ட் டு கெட் அப் ஏர்லி’ என்பது வேறு கதை; முன்பு எழும்புவேன், இப்போது இல்லை. ‘அம்’ இருக்கிறதா இல்லையா என்று முதலில் பாருங்கள்.

கச்சேரியடி எழுதியது:

அலுவலகக் கடிதங்களில் ‘வீ ரெக்ரெட் டு இன்ஃபோர்ம் யூ’ என்று காலங்காலமாக எழுதி வருகிறோம். ‘இன்ஃபோர்மிங்’ என்று எழுதக் கூடாதா? ‘அறியத் தருவதில் வருந்துகின்றோம்’ என்று தமிழ்க் கடிதத்தில் தொழிற்பெயர்தானே வருகிறது?

ஸ்காபரோ அக்கா எழுதியது:

தமிழ்ப் பாலம் இடிந்த இன்னோர் இடம். ‘ரெக்ரெட் டு இன்ஃபோர்ம்’ என்றால் இனிமேல்தான் கெட்ட செய்தியைச் சொல்லப் போகிறீர்கள். ‘ரெக்ரெட் இன்ஃபோர்மிங்’ என்றால் ஏற்கெனவே சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று கவலைப்படுகிறீர்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர் இரண்டாவதை வாசித்தால் மேன்முறையீடு செய்ய வந்துவிடுவார்.

பண்ணைக்காரன் எழுதியது:

‘டூ யூ மைண்ட் மை கமிங்’, ‘டூ யூ மைண்ட் மீ கமிங்’. எது சரி? எங்களுடைய பழைய ஆசிரியர் ‘மீ’ என்றால் பிரம்பு எடுப்பார்.

திருநெல்வேலி மாணவன் எழுதியது:

உங்கள் ஆசிரியர் தனி ஆள் இல்லை, அண்ணா. ஃபௌலர் என்ற ஆங்கில வழக்கு அறிஞர் 1926இல் ‘மீ கமிங்’ வகையைக் கடுமையாகத் தாக்கினார். ‘கமிங்’ பெயர் என்றால் அதற்கு முன்னால் உடைமை வடிவம் ‘மை’ வர வேண்டும் என்பது வாதம். டென்மார்க்கைச் சேர்ந்த மொழியியலாளர் ஜெஸ்பர்சன் நல்ல எழுத்தாளர்களே அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று உதாரணங்களோடு மறுத்தார். இன்று பேச்சில் ‘மீ’ சாதாரணம்; முறைப்படியான எழுத்தில், முக்கியமாக எழுவாய் இடத்தில், ‘மை’ பாதுகாப்பு. தமிழிலும் ‘நான் வருவது’ என்றும் ‘என் வருகை’ என்றும் சொல்கிறோம். ‘என் வருவது’ என்று சொல்வதில்லை. ஆகவே ‘மை கமிங்’ நம் காதுக்கு விசித்திரமாக ஒலிப்பதில் வியப்பில்லை.

கூடுதலாக: 2002இல் வந்த கேம்பிரிட்ஜ் ஆங்கிலப் பேரிலக்கணம் என்ற நூல், பெயராக வரும் ‘இங்’ ஜெரண்ட், வினையின் பகுதியாகவோ பெயரெச்சம் மாதிரியோ வரும் ‘இங்’ பார்ட்டிசிப்பிள் என்ற பிரிவையே கைவிட்டு இரண்டையும் ஒரே வடிவமாக எடுத்துக்கொள்கிறது. வரலாற்றில் அவை இரண்டும் வேறாக இருந்தவை. பழைய ஆங்கிலத்தில் பெயராக்கும் விகுதி ‘உங்’ அல்லது ‘இங்’. பார்ட்டிசிப்பிள் விகுதி ‘எண்டெ’. இடைக்கால ஆங்கிலத்தில் இரண்டும் ‘இங்’ என்று ஒன்றாகிவிட்டன.

இணுவில் சோதி எழுதியது:

ஒரே வடிவம் என்று கேம்பிரிட்ஜ் சொல்லட்டும். பரீட்சையில் என்ன கேட்கிறார்களோ அதை எழுதினால் போதும். அது சரி, எங்கள் வீட்டு வேலைக்கு வந்த மேற்பார்வையாளர் ‘த வோல் நீட்ஸ் பெயின்டிங்’ என்று குறிப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். சுவரா வர்ணம் பூசப் போகிறது? என் பட்டியலில் ‘நீட்’ என்றால் ‘டு’. இது எப்படி?

மானிப்பாய் மாஸ்ரர் எழுதியது:

அவர் எழுதியது சரி, சோதி. எழுவாய் அந்தச் செயலைச் செய்யாமல் அதற்கு உட்படும்போது ‘நீட்’டுக்குப் பின்னால் ‘இங்’ வரும். ‘நீட்ஸ் டு பி பெயின்டட்’ என்பதும் அதே பொருள்தான். ‘ஐ நீட் டு பெயின்ட் த வோல்’ என்றால் பூசுபவன் நான்; அப்போது உங்கள் பட்டியல் செல்லும். ‘நீட்ஸ் பெயின்டிங்’ என்பதில் வடிவம் செய்வினை, பொருள் செயப்பாட்டுவினை. தமிழ்த் தொழிற்பெயருக்கும் இந்தக் குணம் உண்டு. ‘கோழி பொரிப்பது’ என்றால் கோழி பொரிக்கிறதா, கோழியை யாரோ பொரிக்கிறார்களா என்று வடிவம் சொல்வதில்லை. அடுக்களையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ‘வேர்த்’ என்ற சொல்லும் இப்படித்தான்: ‘நெடுந்தீவு இஸ் வேர்த் விசிட்டிங்’. தீவு எங்கும் போகவில்லை. அங்கே ‘வேர்த் டு விசிட்’ என்று எழுதினால் பிழை, ‘வேர்த் பீயிங் விசிட்டட்’ என்று இழுக்கவும் தேவையில்லை.

இணுவில் சோதி எழுதியது:

‘வேர்த்’ என்பதைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். ‘நீட்’ இனி இரண்டு பக்கத்திலும் இருக்கும்.